கைத்தொலைபேசியும் இணைய வேகமும்: எந்தச் சேவையைத் தெரிவு செய்வது?

கைத்தொலைபேசி இன்று ஆடம்பரப் பொருளல்ல. சொந்த ஊரை விட்டு வேறிடத்தில் வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு அது பல வேலைகளைச் செய்கிறது. காணி விடயமாகப் பிரதேச செயலகத்திலிருந்து வரும் அழைப்பு அதில்தான் வருகிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலையை அதில் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தையும் அதில்தான் காண்கிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களும் கைத்தொலைபேசி வழியாகவே வந்தன. சிக்னல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி நின்று படித்ததை நாம் அறிவோம்.

இதனால் பல குடும்பங்கள் ஒரு போகத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு புதிய ஸ்மார்ட் போன் ஒன்றை வாங்குகின்றன. போனின் நிறத்தையும் கமராவையும் நெடுநேரம் பார்த்துத் தெரிவு செய்கிறோம். ஆனால் அதற்குள் போடும் சிம் அட்டையைக் கடைக்காரர் எடுத்துத் தருவதுதான் என்று விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு படம் ஓடாது, குரல் விட்டுவிட்டுக் கேட்கும். போன் பழுது என்று நினைத்துத் திரும்பவும் நகரத்துக்கு பஸ் ஏறுகிறோம். பல வேளைகளில் போனில் குறை இருப்பதில்லை. அந்த இடத்துக்கு அந்தச் சேவை பொருந்தவில்லை என்பதே காரணம்.

இந்தப் பாடத்தில் இணைய வேகம் என்றால் என்ன, அது ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது, நமக்கு எவ்வளவு வேகம் போதும், எந்தச் சேவை நமக்குச் சரி என்பதை நாமே எப்படிச் சோதித்து அறியலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

1. வேகம் வேறு, அளவு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். குளத்தில் இருக்கும் தண்ணீரின் அளவு ஒன்று. வாய்க்காலில் அது ஓடிவரும் வேகம் இன்னொன்று. குளம் நிறைந்திருந்தாலும் துருசு கொஞ்சமாகத் திறந்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் வரும்.

நாம் காசு கொடுத்து வாங்கும் பக்கேஜ் குளத்துத் தண்ணீரைப் போன்றது. அது மெகாபைட், ஜிகாபைட் என்று அளக்கப்படுகிறது. 1 ஜிகாபைட் என்பது ஏறக்குறைய 1000 மெகாபைட். இணைய வேகம் வாய்க்காலின் ஓட்டத்தைப் போன்றது. ஒரு செக்கனில் எத்தனை மெகாபிட் வருகிறது என்று அதைக் கணக்கிடுவார்கள். விளம்பரங்களில் எம்.பி.பி.எஸ். என்று காண்பது இதைத்தான்.

பிட் என்பதும் பைட் என்பதும் ஒன்றல்ல. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே செக்கனுக்கு 8 மெகாபிட் வேகம் என்றால், செக்கனுக்கு 1 மெகாபைட் வந்து சேருகிறது என்பது பொருள். 40 மெகாபைட் அளவான ஒரு பாடக் குறிப்பை அந்த வேகத்தில் இறக்க 40 செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 1 மெகாபிட் மட்டும் கிடைக்கும் இடத்தில் அதே குறிப்புக்கு 320 செக்கன், அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் செல்லும்.

2. வேகம் ஏன் மாறுகிறது?

நிறுவனம் ஒன்றுதான், பக்கேஜும் ஒன்றுதான். ஆனால் சந்தியில் ஒரு வேகம், வீட்டில் ஒரு வேகம். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

தூரம்: கோபுரத்திலிருந்து விலகிப் போகப் போக அலைகள் வலுக் குறைகின்றன. இடையில் காடு, மேடு, அடர்ந்த தோப்பு இருந்தால் இன்னும் குறையும்.

அலைவரிசை: கோபுரங்கள் வெவ்வேறு அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றன. 900 மெகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஏற்றக்கூடிய சுமை குறைவு. 1800, 2100 மெகாஹேட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் பொதுவாகக் கூடுதலாக ஏற்றலாம். ஆனால் தூரம் போகாது. இலங்கையில் 4ஜி சேவைக்கு 1800 மெகாஹேட்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. கதைக்க முடிகிறது, ஆனால் இணையம் வேலை செய்யவில்லை என்று ஓரக் கிராமங்களில் மக்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெரிசல்: ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கிடுகிறார்கள். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் திறந்தால் கடைசி வாய்க்காலில் இருப்பவரின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். இரவு ஏழு மணி தொடங்கிப் பத்து மணி வரை எல்லோரும் போனைக் கையில் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் வேகம் விழுகிறது. நடுச்சாமத்தில் திரும்பவும் கூடுகிறது.

கூரை: இது நமது குடும்பங்களை நேரடியாகத் தொடும் விடயம். தகரம் ரேடியோ அலைகளைத் தடுக்கும். தகரக் கூரையும் தகரச் சுவரும் கொண்ட தற்காலிகக் கொட்டகைக்குள் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். முற்றத்தில் நன்றாக வேலை செய்யும் போன் உள்ளே போனதும் ஊமையாகிவிடும். போனை மாற்றுவதற்கு முன் வாசலில் அல்லது திறந்த யன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்சாரம்: கோபுரமும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மின்வெட்டின்போது அதிலுள்ள பற்றரி சில மணித்தியாலங்களுக்கே தாங்கும். புயல், வெள்ளக் காலங்களில் ஒரு நிறுவனத்தின் சேவை நின்று மற்றொன்று இயங்கிக்கொண்டிருக்கலாம்.

3. நிறுவனங்களும் தலைமுறைகளும்

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்துடன் ஆரம்பமானது. 1993இல் மொபிட்டெலும் 1995இல் டயலொக்கும் வந்தன. செல்டெல், ரிகோ என்றும் பின்னர் எற்றிசலாற் என்றும் பெயர் மாறி 2018இல் ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 2009இல் வந்த எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்குடன் இணைந்தது. ஆகவே இப்போது நம்முன் உள்ளவை மூன்று: டயலொக், எஸ்.எல்.ரி-மொபிட்டெல், ஹட்ச்.

இந்த மூன்றில் எது சிறந்தது என்று நாடு முழுவதற்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சொல்ல முற்படுவோரை நம்பவும் வேண்டாம். நாட்டின் சராசரி வேகத்தில் முதலிடம் பெறும் நிறுவனத்துக்கு உங்கள் ஊரில் கோபுரம் இல்லாதிருக்கலாம். கடைசி இடத்தில் நிற்கும் நிறுவனத்தின் கோபுரம் உங்கள் வயற்கரையிலேயே நிற்கலாம்.

2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்பவை தொழில்நுட்பத்தின் தலைமுறைகள். 2ஜி கதைப்பதற்கும் குறுஞ்செய்திக்கும் ஏற்றது. 3ஜி இலங்கைக்கு 2006இல் வந்தது. கைத்தொலைபேசிகளுக்கான 4ஜி 2013இல் வந்தது. இன்று புதிய போன் வாங்குவோர் 4ஜி போனையே வாங்க வேண்டும். உலகின் பல நாடுகள் 3ஜி சேவையை மூடிவிட்டன. 3ஜியோடு நின்றுவிடும் பழைய போனை மலிவு என்று வாங்கினால் சில காலத்தில் அது பயனற்றுப் போகலாம். வோல்ட்டி என்னும் வசதி போனில் உண்டா என்றும் கேளுங்கள். அது இருந்தால், நிறுவனமும் அந்தப் போனுக்கு அதை அனுமதித்திருந்தால், 4ஜி வழியாகவே குரல் அழைப்பும் எடுக்கலாம். 5ஜி போனுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், உங்கள் கிராமத்தில் அந்தச் சேவை இயங்குகிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

விளம்பரத்தில் "150 எம்.பி.பி.எஸ். வரை" என்று போட்டிருந்தால், "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது கோபுரத்தின் அருகில் நீங்கள் ஒருவர் மட்டும் நின்றால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. கமக்காரர் துருசடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்து விதைப்பதில்லை. தன் வரம்படிக்கு வந்து சேரும் தண்ணீரைப் பார்த்தே விதைக்கிறார்.

4. நமக்கு எவ்வளவு வேகம் தேவை?

நாம் நினைப்பதை விடக் குறைவு. யூடியூப் காணொளி ஒன்றைச் சிறிய அளவில் (360பி) பார்க்க செக்கனுக்கு 0.7 மெகாபிட் போதும். தெளிவான 720பி படத்துக்கு 2.5 மெகாபிட் தேவை. மிகத் தெளிவான 1080பி படத்துக்கு 5 மெகாபிட். எழுத்துச் செய்தி, குரல் செய்தி ஆகியவற்றுக்கு இவற்றையெல்லாம் விடக் குறைந்த வேகம் போதும்.

ஆகவே எந்த நேரமும் தடங்கலின்றிச் செக்கனுக்கு 3 மெகாபிட் கிடைக்குமானால், ஒரு பிள்ளையின் படிப்புக்கும் உறவினரோடு முகம் பார்த்துக் கதைப்பதற்கும் பொதுவாக அது போதும். சந்தியில் 40 கிடைத்து வீட்டில் அரை மெகாபிட் கிடைப்பதை விட, வீட்டில் நிலையாக 3 கிடைப்பது மேல்.

வேகம் கூடினால் பணமும் வேகமாகக் கரையும் என்பதையும் மறக்கக் கூடாது. கணக்குப் பார்ப்போம். செக்கனுக்கு 0.7 மெகாபிட் வீதம் ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறக்குறைய 315 மெகாபைட் செலவாகும். 720பியில் 1125 மெகாபைட். 1080பியில் 2250 மெகாபைட். இதன்படி 1 ஜிகாபைட் பக்கேஜில் சிறிய படத்தை மூன்று மணித்தியாலம் பார்க்கலாம். மிகத் தெளிவான படத்தை அரை மணித்தியாலங்கூடப் பார்க்க முடியாது. கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்கச் சிறிய படமே அநேகமாகப் போதும். காணொளியின் அமைப்புப் பகுதியில் தரத்தைக் குறைத்து வைக்கும் வழியைப் பிள்ளைகளிடம் கேட்டால் காட்டித் தருவார்கள்.

5. நாமே சோதிப்போம்

இதுதான் பாடத்தின் முக்கிய பகுதி. புதிய சிம் வாங்குவதற்கு முன் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து இதைச் செய்யலாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பொறுப்பெடுத்தால் இன்னும் நல்லது.

(அ) மூன்று நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் அயலவர்களிடம் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் சிறிய பக்கேஜ் இருக்கட்டும். அட்டைக்கு உரியவர் கூடவே இருக்க வேண்டும். அவருடைய வங்கிச் செய்திகளும் இரகசிய இலக்கங்களும் அந்த அட்டைக்கே வரும்; எனவே சோதனை முடிந்ததும் அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

(ஆ) ஒரே 4ஜி போனை மட்டும் பயன்படுத்துங்கள். போனுக்குப் போன் வேகம் மாறும் என்பதால், வெவ்வேறு போன்களில் சோதித்தால் ஒப்பிட முடியாது.

(இ) இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள்: பிள்ளை இருந்து படிக்கும் இடம், நீங்கள் பகலில் வேலை செய்யும் இடம். நகரத்துச் சந்தியில் சோதிப்பதில் பயனில்லை.

(ஈ) மூன்று நேரங்களில் சோதியுங்கள்: காலை, நண்பகல், இரவு எட்டு மணி. இரவுச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

(உ) வேகத்தை அளக்க ஸ்பீட்ரெஸ்ற் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சோதனையும் டேற்றாவை விழுங்கும். வேகம் கூடிய இடத்தில் ஒரே சோதனைக்கு நூறு மெகாபைட்டும் போகலாம். ஆகவே ஒரு நேரத்துக்கு ஒரு முறை போதும். மூன்று சிம், இரண்டு இடம், மூன்று நேரம் என்று மொத்தம் 18 சோதனைகள். செயலி இல்லாதவர்கள், ஒரே காணொளியை 360பியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணினாலும் போதும்.

(ஊ) முடிவுகளைக் கொப்பி ஒன்றில் நிரல்போட்டு எழுதுங்கள்.

எப்படி வாசிப்பது? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். வீட்டில் முதலாவது சிம்முக்குக் காலையில் 9, நண்பகலில் 11, இரவில் 1 மெகாபிட் கிடைக்கிறது. இரண்டாவது சிம்முக்கு 5, 5, 4 கிடைக்கிறது. மூன்றாவதுக்கு 2, 1, 1. கூட்டிப் பார்த்தால் முதலாவதே கூடியது. ஆனால் பிள்ளை படிப்பது இரவில். ஆகவே அந்த வீட்டுக்கு ஏற்றது இரண்டாவது. ஒவ்வொரு சிம்முக்கும் கிடைத்த எண்களில் மிகக் குறைந்ததைப் பாருங்கள். அந்தக் குறைந்த எண் எதற்குக் கூடுதலாக இருக்கிறதோ, அதுவே உங்களுக்கு நம்பிக்கையானது.

போனின் அமைப்புப் பகுதியில் சிம் அட்டையின் நிலையைப் பார்த்தால் சிக்னலின் வலிமை கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். 4ஜியில் கழித்தல் 90 என்றால் நல்லது. கழித்தல் 110 என்றால் நலிவு. கழித்தல் 120 என்றால் ஏறக்குறைய இல்லை. சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் குறைவென்றால் காரணம் பெரும்பாலும் நெரிசல். போனை இடம் மாற்றி வைப்பதால் பெரிய பயன் வராது. சிக்னலே குறைவென்றால் தகரக் கூரையை விட்டு வெளியே வந்து திரும்பவும் பாருங்கள்.

6. பக்கேஜ் வாங்கும்போது

மலிவான பக்கேஜின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். சிலவற்றில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுத்தக்கூடிய இரவு டேற்றாவாக இருக்கும். சில வட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றுக்கு மட்டும் செல்லும். பாடசாலைக் குறிப்பை வேறு தளத்தில் இறக்கினால் தனியாகக் காசு வெட்டும். "வரையறையற்றது" என்று சொல்லும் சில பக்கேஜ்களில் குறிப்பிட்ட அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எத்தனை நாளுக்குச் செல்லும், வரியும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபா என்ற இரண்டையும் கேளுங்கள். பிறகு மொத்த ரூபாவை எந்நேரமும் பயன்படுத்தக்கூடிய ஜிகாபைட்டினால் மட்டும் பிரியுங்கள். உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

7. போன் வாங்கும்போது

இரண்டு சிம் போடக்கூடிய போனை வாங்குங்கள். பழைய இலக்கத்தை வைத்துக்கொண்டு, இணையத்துக்கு மட்டும் வேறு நிறுவனத்தின் சிம்மைப் பயன்படுத்தலாம். இடம்பெயர்ந்தோருக்கு இது மிக முக்கியம். கிராம அலுவலரிடமும் வங்கியிலும் பாடசாலையிலும் அஸ்வெசும பதிவிலும் நாம் கொடுத்திருப்பது பழைய இலக்கத்தை. அதை வீசிவிட்டால், காணி பற்றியோ கொடுப்பனவு பற்றியோ வரும் அழைப்பு நம்மைத் தேடி அலையும். நெடுங்காலம் ரீலோட் செய்யாத முற்கொடுப்பனவு சிம் செயலிழந்துவிடும் என்பதால், பழைய சிம்முக்கும் இடையிடையே சிறு தொகை போட்டு உயிரோடு வைத்திருங்கள். உங்கள் சிம் உங்கள் சொந்த அடையாள அட்டை இலக்கத்திலேயே பதியப்பட்டிருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் அந்தப் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கம் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரியும். குறுஞ்செய்தியில் ஐ.எம்.ஈ.ஐ. என்பதன் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு அனுப்பினால், அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்ற பதில் வரும். பதியாத போன் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

8. மூன்றும் சரியில்லை என்றால்?

சில குடியிருப்புகளில் 18 சோதனைகளிலும் நல்ல விடை கிடைக்காமல் போகலாம். அப்போது அந்தக் கொப்பியே நமக்குக் கருவி. "எங்கள் ஊரில் சிக்னல் இல்லை" என்று வாயால் சொல்வதை விட, எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வேகம் என்று எழுதி, எத்தனை குடும்பங்கள், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுதி, பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரத்தின் கீழ் கடமைகள் உண்டு. அவற்றைக் கண்காணிப்பது ஆணைக்குழுவின் பொறுப்பு. கேட்பது நமது உரிமை.

அதுவரை, சிக்னல் கிடைக்கும் ஒரு வீட்டையோ பொதுநோக்கு மண்டபத்தையோ பிள்ளைகளின் மாலைப் படிப்புக்கு ஒதுக்கலாம். ஒரு போனின் இணைப்பை ஹொட்ஸ்பொட் மூலம் நாலைந்து போன்களுக்குப் பகிரலாம். பாடக் காணொளியை ஒருவர் இறக்கினால், அதை டேற்றாச் செலவின்றி ஒரு போனிலிருந்து மற்றதற்கு மாற்றலாம். பக்கேஜ் செலவைக் குடும்பங்கள் பங்கிட்டால் ஒருவருக்கும் பாரமாக இராது.

கலந்துரையாடுவதற்கு

1. நமது குடியிருப்பில் எத்தனை வீடுகளில் ஸ்மார்ட் போன் உண்டு? அவற்றின் சிம்மை யார், எந்தக் காரணத்துக்காகத் தெரிவு செய்தார்கள்?

2. கடந்த மாதம் நமது குடும்பம் ரீலோட்டுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு? அதில் படிப்புக்கும் தொழிலுக்கும் போனது எவ்வளவு?

3. இரவு எட்டு மணிக்கு நமது வீட்டில் எந்தச் சிம்முக்கு நிலையான வேகம் கிடைக்கிறது? தெரியாவிட்டால், இந்த வாரச் சோதனைக்கு யார் யார் சேர்ந்து பொறுப்பெடுப்பது?

4. பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் வங்கியிலும் நாம் கொடுத்துள்ள இலக்கங்கள் இன்றும் வேலை செய்கின்றனவா?